அரண்மனையை வாசித்தல்

நுழையும்முன்

மன்னர்கள் வாழ்ந்த மாளிகைகள் பல இன்று அருங்காட்சியகங்களாக மக்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் அவற்றின் பெருந்தூண்களையும் ஓவியங்களையும் வியந்து நோக்குகின்றனர். அந்த வியப்பு மட்டும் போதுமா? ஓர் அரண்மனையைக் கண்டு திரும்புவதற்கும் அதனை வாசித்து அறிவதற்கும் வேறுபாடு உண்டா? இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

குன்றக்குடியிலிருந்து ஒரு வழி

காரைக்குடியை அடுத்த குன்றக்குடியில் வரலாறு அடுக்கடுக்காக அமைந்துள்ளது. மலையடிவாரத்தில் பாண்டியர் காலக் குடைவரைகள் உள்ளன. மலைமேல் முருகன் கோயில் உள்ளது. அக்கோயிலுக்குத் திருப்பணி செய்தோருள் சிவகங்கைச் சீமையை ஆண்ட மருதுபாண்டியர் குறிப்பிடத்தக்கவர். பெரிய மருதுவைத் துன்புறுத்திய கொடிய கட்டியொன்று இக்குன்றத்து முருகனின் திருநீற்றால் ஆறியது என்றும், அந்த நன்றியே திருப்பணியாக மலர்ந்தது என்றும் மக்கள் வாய்மொழியாகக் கூறிவருகின்றனர்.

அருகிலுள்ள திருப்பத்தூரில்தான் 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24 அன்று மருதுபாண்டியர் தூக்கிலிடப்பட்டனர். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்த்து அவர்கள் நடத்திய போர் அத்துடன் முடிவுற்றது. அப்போருக்குக் காரணமான அரசியலைப் பின்னோக்கித் தேடிச் செல்லும் மாணவர் சிவகங்கையோடு நின்றுவிட இயலாது. ஏறத்தாழ 1730ஆம் ஆண்டு வரை சிவகங்கைச் சீமை, சேதுபதி மன்னர்களின் ஆட்சிப்பரப்பில் ஒரு பகுதியாக இருந்தது. சசிவர்ணத் தேவர் காலத்தில்தான் தனியரசாகப் பிரிந்தது. சிவகங்கையை மீட்ட வேலுநாச்சியார் சேதுபதி மரபில் பிறந்தவர். எனவே, குன்றக்குடி மாணவரின் தேடல் இராமநாதபுரம் அரண்மனை வளாகத்திற்குச் சென்று சேர்வது இயல்பே. அவ்வளாகத்தில் அமைந்த இராமலிங்க விலாசம் இன்று தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

அங்குச் செல்வோர் பலர் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகின்றனர். தூண்களுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர், வாள்களையும் ஈட்டிகளையும் பார்க்கின்றனர், "எத்துணைப் பெரிய அரண்மனை!" என வியந்து திரும்புகின்றனர். அவ்வியப்பில் குறை காண வேண்டியதில்லை. ஆனால், வியப்போடு பயணம் முடிந்துவிட்டால் அரண்மனை சொல்லவேண்டிய செய்தி சொல்லப்படாமலே போய்விடுகிறது. நூலைக் கையில் வாங்கி அட்டையை மட்டும் பார்த்துத் திருப்பித் தருவது போன்றது அது.

கட்டடமே ஒரு கூற்று

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி 1710 வரை ஆண்ட கிழவன் சேதுபதி என்னும் இரகுநாத சேதுபதி, தம் தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்திற்கு மாற்றினார். இராமலிங்க விலாசம் அவர் காலத்தில் எழுந்தது. உயர்ந்த மேடை, ஏறிச் செல்லப் படிக்கட்டுகள், வரிசையாகத் தூண்கள் நிற்கும் பெருமண்டபம், அதனை அடுத்து ஒரு சிறுமண்டபம், அதற்கும் அப்பால் உள்ளறை என அதன் தரைத்தளம் அமைந்துள்ளது.

இவ்வமைப்பைக் கூர்ந்து நோக்கும் மாணவருக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை எனச் செல்லும் கோயிலின் அமைப்பை இது ஒத்திருப்பது ஏன்? கோயிலில் உள்ளே செல்லச் செல்ல இறைவனை நெருங்குவதுபோல இங்கு உள்ளே செல்லச் செல்ல மன்னனை நெருங்குகின்றனர். இராமேசுவரத் திருக்கோயிலுக்கும் சேதுவுக்கும் காவலர் என்பதே சேதுபதி என்னும் பட்டத்தின் பொருள். தம் அதிகாரம் இறைவனின் அருளால் வந்தது என்ற கருத்தைச் சேதுபதிகள் செப்பேட்டில் மட்டும் எழுதவில்லை. கட்டடத்தின் தரைப்படத்திலேயே எழுதிவைத்தனர். எழுதப்படிக்கத் தெரியாத குடிமகனும் படியேறி மண்டபத்துள் நுழைந்தவுடன் அக்கருத்தை உணர்ந்திருப்பான்.

மன்னர் சொல்ல விரும்பியது

இம்மாளிகையின் பெருஞ்செல்வம் அதன் சுவரோவியங்கள். கிழவன் சேதுபதியை அடுத்து ஆண்ட முத்துவிசயரகுநாத சேதுபதி காலத்தில், அதாவது பதினெட்டாம் நூற்றாண்டின் முதற்காற்பகுதியில், அவை தீட்டப்பெற்றன. சுவர்களிலும் தூண்களை இணைக்கும் வளைவுகளிலும் விதானத்திலும் ஓவியங்கள் நிறைந்துள்ளன. இராமாயண, பாகவதக் காட்சிகள் ஒருபுறம். தஞ்சை மராத்தியருடன் சேதுபதி படை பொருதும் போர்க்காட்சிகள் மறுபுறம். ஐரோப்பியரை மன்னர் சந்திக்கும் காட்சிகள் இன்னொருபுறம். மேல்தளத்து ஓவியங்கள் மன்னரின் பொழுதுபோக்குகளையும் அந்தப்புர வாழ்வையும் காட்டுகின்றன.

இவற்றுள் இரண்டு காட்சிகள் தனிக் கவனத்திற்கு உரியன. ஒன்றில், சேதுபதிகளின் குலதெய்வமாகிய இராசராசேசுவரி தன் கையால் மன்னருக்குச் செங்கோல் வழங்குகிறாள். மற்றொன்றில், மதுரையை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கர், சேதுபதிக்கு மணிகளைச் சொரிந்து சிறப்புச் செய்கிறார். ஒரு காலத்தில் மதுரை நாயக்கரின் மேலாண்மையை ஏற்றிருந்த மரபு சேதுபதி மரபு. கிழவன் சேதுபதி அப்பிணைப்பிலிருந்து விடுபட்டுத் தனியரசராக ஆண்டார். அவ்வரலாற்றுப் பின்னணியில் நோக்கினால் இவ்விரு காட்சிகளும் அழகுக்காக மட்டும் தீட்டப்பட்டவை ஆகா என்பது புலப்படும். 'எனக்கு முடியாட்சி தந்தவள் தேவி; மதுரை மன்னரும் என்னை மதிக்கிறார்' என அவையில் அமர்ந்தோர் அனைவருக்கும் கேட்கும்படி ஓவியம் அறிவிக்கிறது.

ஆகவே, இவ்வோவியங்கள் நடந்தவற்றை நடந்தவாறே பதிவு செய்த நிழற்படங்கள் எனக் கொள்ளுதல் பொருந்தாது. தன்னை உலகம் எவ்வாறு காண வேண்டும் என ஓர் அரசு விரும்பியது என்பதற்கான சான்றுகள் அவை. அதனால் அவற்றின் மதிப்புக் குறைந்துவிடாது. உடை, அணிகலன், படைக்கலம், இசைக்கருவி, பல்லக்கு, போர்முறை எனக் காலத்தின் உண்மைகள் எத்தனையோ அவற்றுள் பொதிந்துள்ளன. மன்னரின் விருப்பத்தையும் காலத்தின் உண்மையையும் பிரித்தறிவதே வரலாற்று மாணவரின் முதற்பயிற்சி.

சுவரில் இடம்பெறாத செப்டம்பர்

ஓவியங்கள் தீட்டப்பட்டு ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பினி அரசு பதவியிலிருந்து நீக்கிச் சிறைப்படுத்தியது. தேவியின் கையிலிருந்து செங்கோல் பெற்றதாக ஓவியம் கூறும் மரபின் வழிவந்தவரை, கடல்கடந்து வாணிகம் செய்யவந்த நிறுவனம் ஒன்று அரியணையிலிருந்து இறக்கியது.

1798ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இதே இராமலிங்க விலாசத்தில் ஆட்சியர் ஜாக்சன் அமர்ந்திருந்தார். வரிநிலுவை குறித்து விளக்கம் தருமாறு பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனை அவர் அழைத்திருந்தார். ஊர் ஊராகப் பல நாள் தம்மைப் பின்தொடரச் செய்தபின் இராமநாதபுரத்தில்தான் அவரைச் சந்தித்தார். அச்சந்திப்பு மோதலில் முடிந்தது. கும்பினிப் படையின் லெப்டினன்ட் கிளார்க் உயிரிழந்தார். கட்டபொம்மன் தப்பிச் சென்றார். அவருடைய தானாபதி சுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார். பின்னர் நடந்த விசாரணையில் கட்டபொம்மன்மீது தவறில்லை எனக் கருதப்பட்டது, ஜாக்சன் பதவியிழந்தார். ஆயினும் அடுத்த ஆண்டே, 1799 அக்டோபர் 16 அன்று, கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் இரண்டே ஆண்டுகளில் திருப்பத்தூரில் மருதுபாண்டியரின் முடிவு நிகழ்ந்தது. 1803இல் சேதுபதிகளின் அரசு, கும்பினிக்கு ஆண்டுதோறும் பணம் செலுத்தும் சமீனாக மாறியது.

இந்நிகழ்வுகளுள் எதுவும் இராமலிங்க விலாசத்தின் சுவர்களில் தீட்டப்படவில்லை. ஐரோப்பியர் மன்னரைச் சந்திக்க வந்த காட்சி உண்டு. ஐரோப்பியர் மன்னரை அகற்றிய காட்சி இல்லை. ஓவியங்களை மட்டும் பார்ப்பவர் வெற்றியைக் கண்டு திரும்புவார். அவ்வோவியங்களின்கீழ் நின்று 1798ஐ நினைப்பவர், ஓர் அரசின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒரே கூரையின்கீழ்க் காண்பார். பார்ப்பதற்கும் வாசிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஓவியத்துக்கு வெளியே நிற்பவர்கள்

சுவரில் இடம்பெறாதவை நிகழ்ச்சிகள் மட்டுமா? மனிதர்களும் இடம்பெறவில்லை. ஓவியம் தீட்டியவர், சுவர் எழுப்பியவர், கல் சுமந்தவர் ஆகியோரைத் தேடும் கண்களுக்கு அரியணையும் படையுமே தென்படுகின்றன.

அரண்மனைச் சுவர் ஒன்று உருவாவதற்குப் பலரது உழைப்புத் தேவை. சுண்ணாம்பைச் சுட்டு, நீற்றி, மணலோடு சேர்த்துப் பலகாலும் அரைப்பர். அக்கலவையைப் பூசி, தேய்த்து, மெருகேற்றுவர். அதன்மீதே ஓவியர் வண்ணம் தீட்டுவர். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த மெருகின் அருமை தெரியும். தச்சரும் கொத்தரும் சிற்பியரும் பெற்ற தேர்ச்சி, தலைமுறை தலைமுறையாகக் கைம்மாறி வந்தது.

இத்தனை பணிக்கும் செல்வம் எங்கிருந்து வந்தது? சேதுநாடு மழை குறைந்த நாடு. கண்மாயில் தேக்கிய நீரைக் கொண்டு உழவர் நெல் விளைவித்தனர். அவ்விளைச்சலில் ஒரு பங்கு அரசுக்குச் சென்றது. மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கியோர் முத்தும் சங்கும் எடுத்தனர். அவ்வருவாயில் பங்கு பெறவே மன்னரும் ஐரோப்பிய வணிகரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். மன்னர்மீது சொரியப்படும் மணிகளை ஓவியத்தில் காணும் மாணவர், கடலடியில் முத்தெடுத்தவனையும் ஒரு கணம் நினைத்தல் வேண்டும். அவ்வாறு நினைப்பது மன்னரின் பெருமையைக் குறைப்பதற்காக அன்று, வரலாற்றை முழுமையாக்குவதற்காக.

குடியாட்சியில் அரண்மனை எதற்கு?

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். முடியாட்சி மறைந்து மக்களாட்சி மலர்ந்த நாட்டில், மன்னர்களின் ஆடம்பரச் சின்னங்களைக் காக்க மக்களின் வரிப்பணத்தைச் செலவிடலாமா? பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் தேவைப்படும்போது பழஞ்சுவர்களுக்கு முன்னுரிமை தரலாமா? புறந்தள்ளத்தக்க வினா அன்று இது.

இதற்கான விடையை உலக வரலாறு தருகிறது. பிரான்சு நாட்டு மன்னர்களின் மாளிகையான லூவர், புரட்சிக்குப் பின்னர் 1793இல் அருங்காட்சியகமாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. மன்னராட்சியை வீழ்த்திய மக்கள், மன்னரின் கலைச்செல்வத்தை அழிப்பதைவிட அதற்கு உரிமையாளர் ஆவதே பெருவெற்றி எனக் கருதினர். தமிழ்நாட்டிலும் அத்தகைய மாற்றம் அமைதியாக நிகழ்ந்துள்ளது. அழைப்பின்றி எவரும் நுழைய இயலாதிருந்த மண்டபத்தில் இன்று உழவரின் மகளும் மீனவரின் மகனும் நுழைவுச்சீட்டோடு நிமிர்ந்து நடக்கின்றனர். அவர்கள் அங்கு விருந்தினர் அல்லர்; உரிமையாளர். அம்மண்டபத்தைக் காப்பதற்குச் செய்யும் செலவு, மன்னரின் புகழுக்குச் செய்யும் செலவாகாது. மக்களின் ஆவணத்தைக் காப்பதற்குச் செய்யும் செலவேயாகும். நூலகத்துக்குப் பணம் ஒதுக்குவதை எவரும் வீண் என்பதில்லை. அரண்மனையும் ஒரு நூலகமே.

காக்கத் தவறினால் நேர்வது என்ன என்பதற்கு மதுரை சான்று. 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் அரண்மனையில் இன்று காணப்படுவது ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதியே. பகைவரின் படையெடுப்பு மட்டும் அதற்குக் காரணமன்று. திருமலை நாயக்கரின் பெயரரான சொக்கநாத நாயக்கரே, திருச்சிராப்பள்ளியில் புதிய மாளிகை எழுப்புவதற்காக அதன் பகுதிகளைப் பெயர்த்துச் சென்றார் என்பர். பின்னர் சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் காலத்தில் செய்யப்பட்ட பழுதுபார்ப்பே எஞ்சியதைக் காத்தது.

இது பழங்கதை எனக் கருதிவிட இயலாது. குன்றக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் பர்மாத் தேக்கால் அமைந்த தூண்களும் சித்திர வேலைப்பாடு கொண்ட நிலைக்கதவுகளும் பெயர்க்கப்பட்டு விற்கப்படுகின்றன. பங்காளிகள் பலராகிப் பராமரிக்க இயலாமல் விற்போரின் இடர்ப்பாடும் எண்ணிப்பார்க்கத் தக்கதே. ஆயினும், பெயர்ந்து சென்ற கதவு வேறோர் ஊரின் வரவேற்பறையில் அழகுப்பொருளாகலாம். அது எந்த வீட்டின் எந்த முகப்பில் நின்றது என்னும் செய்தி அதனுடன் செல்வதில்லை. இடத்தை இழந்த பொருள் தன் பாதி வரலாற்றை இழந்துவிடுகிறது. அரண்மனையை அதன் இடத்திலேயே காண்பதன் சிறப்பும் இதனால் விளங்கும்.

தெரிந்து தெளிவோம்

அரண்மனைகள் இன்று

• தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் சரசுவதி மகால் நூலகமும் சோழர் காலச் செப்புத்திருமேனிகள் கொண்ட கலைக்கூடமும் அமைந்துள்ளன. நூலகம் 1918இல் பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்தது.

• கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை, தமிழ்நாட்டில் அமைந்திருப்பினும் கேரள அரசால் பராமரிக்கப்படுகிறது.

• புதுக்கோட்டை மன்னரின் புதிய அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகமாகச் செயல்படுகிறது.

சட்டமும் கடமையும்

தொன்மைச் சின்னங்களைக் காப்பதற்குத் தமிழ்நாடு அரசு 1966இல் தனிச்சட்டம் இயற்றியுள்ளது. நாட்டின் பன்முகப் பண்பாட்டு மரபினை மதித்துப் பேணுதல் ஒவ்வொரு குடிமகனின் கடமை என இந்திய அரசமைப்பின் 51அ பிரிவு வலியுறுத்துகிறது. ஆனால், சட்டம் மட்டும் சுவரைக் காத்துவிடாது. சுண்ணாம்புச் சுவரில் ஈரம் ஏறினால் உப்புப் பூத்து வண்ணம் உதிரும். அந்த இயற்கை அழிவைத் தடுக்க வேதியியல் அறிஞர்கள் உழைக்கின்றனர். தொடும் விரல்களின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும், ஆணியால் கீறி எழுதப்படும் பெயர்களும் ஏற்படுத்தும் அழிவையோ பார்வையாளரே தடுக்க இயலும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தகைய ஓவியங்களைத் தீட்டிய கலைஞர் தம் பெயரைப் பெரிதாகப் பொறித்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் வந்துசெல்பவர் தம் பெயரை அதன்மீது கீறிவிட்டுச் செல்வது எவ்வகையில் தகும்?

அருங்காட்சியகங்களுக்கும் கடமை உண்டு. 'வாள் – 18ஆம் நூற்றாண்டு' என்ற அளவில் நிற்கும் குறிப்பு எவரையும் சிந்திக்கத் தூண்டாது. ஓவியத்தில் இருப்பவர் யார், அக்காட்சி ஏன் தீட்டப்பட்டது, அதே மண்டபத்தில் பின்னாளில் நிகழ்ந்தது என்ன என்பனவற்றை எளிய தமிழில் விளக்கும் பலகைகள் ஒவ்வொரு அரண்மனை அருங்காட்சியகத்திலும் இடம்பெற வேண்டும். வெற்றியை மட்டும் காட்டி வீழ்ச்சியை மறைக்கும் காட்சியகம், பழைய அவைப்புலவரின் பணியைத் தொடர்கிறதேயன்றிக் கல்விப்பணி ஆற்றுவதில்லை.

ஐந்து வினாக்கள்

அரண்மனை அருங்காட்சியகத்திற்குச் செல்லும் மாணவர் கையில் ஒரு குறிப்பேடும் மனத்தில் ஐந்து வினாக்களும் இருந்தால் போதும். இதைக் கட்டியவர் யார், கட்டச் செய்தவர் யார்? இதற்குரிய செல்வம் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது? இது காண்போருக்கு எதைச் சொல்ல விரும்புகிறது? எதைச் சொல்லாமல் விடுகிறது? இன்று இதைக் காப்பவர் யார்? இவ்வினாக்கள் அனைத்திற்கும் ஒரே நாளில் விடை கிடைக்காது. சிலவற்றுக்கு நூல்களைத் தேட வேண்டும். சிலவற்றுக்கு ஊரின் முதியோரிடம் கேட்க வேண்டும். குன்றக்குடித் திருநீற்றின் கதையைப் போன்ற வாய்மொழி வழக்குகளை ஆவணங்களோடு ஒப்புநோக்க வேண்டும். அத்தேடலே சுற்றுலாவைக் கல்விச் சுற்றுலாவாக மாற்றுகிறது.

கடந்த காலத்தைத் தொழுவோர் சிலர். அதனைப் பயனற்றதென ஒதுக்குவோர் சிலர். இருசாராரும் அதனிடம் வினா எழுப்புவதில்லை. தேவி செங்கோல் தருவதாக ஓவியம் காட்டும் அதே மண்டபத்தில், அரசுகள் உழைப்பால் எழுவதையும், உட்பூசலாலும் அயலார் சூழ்ச்சியாலும் வீழ்வதையும் உணர்ந்து வெளிவரும் மாணவர், மக்களாட்சியின் அருமையை எந்தப் பாடநூலும் கற்பிக்க இயலாத அளவிற்குக் கற்றவராவார். வாக்குச்சீட்டின்வழி ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இன்னும் ஓரிரு ஆண்டுகளில் கிடைக்கவிருக்கிறது. ஆட்சியாளர் தம்மைப் பற்றித் தாமே தீட்டிக்கொள்ளும் ஓவியங்களை வாசிக்கும் பயிற்சி, அதற்குள் அவருக்குக் கைவரப்பெற்றிருத்தல் நன்று.